ராகு காலத்துல ஏறின கோட்டை

சுவாமிதாஸ் கரமனையில ஒரு ஃப்ளாட்டுக்கு செக்யூரிட்டி. பெண்டாட்டி செத்து நாலு வருசம். ஒத்த மக ஜினிய திண்டுக்கல்லுல கெட்டிக்கொடுத்தது. தலப்பிரசவம் பெத்த வீட்டுலதான் பாக்கணும். இங்க பாக்க ஆளேது? அவ மாமியார் கலைச்செல்வியே அங்க வச்சுப் பாத்தாங்க. பேரன் பொறந்து இருபத்தாறு நாளு. மனுசன் போனுலதான் பாத்திருக்காரு.

ஒருநாள் லீவு கிட்டிச்சு. ராத்திரி பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு சிப்ஸ் பொட்டலத்தோட வாசல்ல நிக்காரு. மத்தியானம் ஒரு மணி பஸ்ஸ விட்டா ராத்திரி டூட்டிக்கு வந்து எத்த முடியாது.

கலைச்செல்வி நடையிலயே மறிச்சாங்க.

"தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. ராகு காலம். மொதமொதல்ல பிள்ளை முகம் பாக்குறீங்க, பன்னெண்டு ஆகட்டும்."

சர்ச்சுக்குப் போற மனுசன். ராகுவும் கேதுவும் அவரு காலண்டர்ல கெடையாது. உள்ள பிள்ளை சிணுங்குற சத்தம். அதக் கேட்டுக்கிட்டு வெளிய இருக்க ஏலாது. நடந்துட்டு வாறேன்னு சொல்லி, தெருவு முடியுற எடத்துல நின்ன மலைக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்துட்டாரு.

பாறையில வெட்டின படி. செருப்புக்கு அடியில சூடு. முட்டப் பிடிச்சுப் பிடிச்சு ஏறினாரு. மேல காத்தும் மதிலும் மட்டும். இத்தனை மதிலு கெட்டி ராஜாமாரு யாரை மறிச்சாங்களோ. ஒரு ஜோடி இவரக் கண்டதும் எழும்பி அந்தப்பக்கமாப் போயிட்டுது. பேசுறதுக்கு ஒரு வாட்ச்மேன்கூட இல்ல.

மதில் ஓட்டை வழியா மக வீட்டத் தேடினாரு. எல்லா வீட்டு மேலயும் நீலத் தண்ணித்தொட்டிதான். ஒரு மொட்டமாடியில மட்டும் சின்னச் சின்ன வெள்ளத்துணி ஆடிச்சு. அதுதான் மக வீடுன்னு மனசுல உறப்பிச்சு, அரை மணிக்கூறு அதையே பாத்துட்டு இருந்தாரு. துணி எடுக்க ஒரு பொம்பளை வந்தப்போ கைகூட காட்டினாரு. அவ நிமிந்து பாக்கல்ல.

பன்னெண்டேகாலுக்கு வீட்டுக்கு வந்து எத்தி, மாடித்துணியக் கண்டேன்னு மகட்ட சந்தோசமாச் சொன்னாரு.

"இங்க பிள்ளைத்துணிய வெளிய போடமாட்டாங்கப்பா. கண்ணுபடும்னு உள்ளதான் காயப்போடுவாங்க. நீங்க யாரு வீட்டப் பாத்தீங்களோ."

சிரிச்சாரு. வேற என்ன செய்ய.

பிள்ளை உறக்கம். தூங்குனா என்ன, தாத்தா மடியில தூங்கட்டும்னு கலைச்செல்வியே கொண்டாந்து வச்சாங்க. ஒரு கோழிக்குஞ்சுச் சூடு. கண்ணு தொறப்பான்னு பாத்து, மூச்சக்கூட மெதுவா விட்டாரு. பஸ்ஸுக்குக் கூட்டிப்போக வந்த ஆட்டோக்காரன் வாசல்ல ஹாரன் அடிச்சான். அதுக்கும் அசையல்ல பய.

பிள்ளைய அவங்க எடுத்தப்போ முட்டு ரெண்டும் மரத்துப்போயிருந்துது. எழும்ப மகட்ட கை கேட்டாரு.