முகம் தெரியாத தம்பி

என் கணவர் இறந்து, காரியம் முடிந்த பிறகும் அவருடைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் போய்விட்டார்.

கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பக்கத்து ஊரான வடக்குத்தில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு, சாமான் ஏற்ற என் அண்ணன் வந்தார்.

"இத நிறுத்திடட்டுமாம்மா? ஆளில்லாமயே ஓடிக்கினு இருக்குதே" என்றார்.

"இருண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

என் கணவருக்குப் பழைய தமிழ்ப் படங்கள் என்றால் உயிர். கடைகளிலும் டிவியிலும் கிடைக்காத படங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, இணையத்தில் ஒரு கூட்டத்தோடு பகிர்ந்துகொள்வார். டோரன்ட் என்பார். ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை மற்றவர்கள் துண்டு துண்டாக எடுத்துக்கொள்வார்களாம். எடுத்தவரும் அணைத்துவிட்டுப் போகாமல் அடுத்தவருக்காகத் திறந்து வைத்திருக்க வேண்டுமாம். அதனால்தான் எங்கள் வீட்டில் அது எந்நேரமும் ஓடியது. எங்கிருந்து இயங்குகிறது என்று வெளியே தெரியாமலிருக்க விபிஎன் போட்டிருந்தார். "தப்புத்தானே, மாட்டினா பர்மனென்ட் வேலை என்னாகும்?" என்று நான் பயந்தால் சிரிப்பார்.

"அங்க யாரும் யாருக்கும் நெசத்த சொல்ல மாட்டோம். பேரு, ஊரு, வேலை எல்லாமே பொய்தான். ஒருத்தன் மாட்டினாலும் அடுத்தவனக் காட்டிக்குடுக்க அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அண்ணன் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கூட்டத்தில் ஒருவனிடமிருந்து மட்டும் வரிசையாகச் செய்திகள் வந்திருந்தன. அண்ணா, எங்க போயிட்டீங்க? அண்ணா, உடம்பு சரியில்லையா? ஒரு வார்த்தை எழுதுங்கண்ணா.

"நான் அவர் மனைவி. அவர் இறந்துவிட்டார்" என்று தட்டினேன். வெகுநேரம் கழித்து, "ஒரு தடவை பேசலாங்களா?" என்று பதில் வந்தது. கம்ப்யூட்டரிலேயே கூப்பிட்டான். முப்பது வயதுக்குள் இருக்கும் குரல், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"அண்ணி..." என்றான். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான். யாரென்றே தெரியாத ஒருவன் அவருக்காக அழுவதைக் கேட்டபோது, அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கும் உடைந்துவிட்டது.

கொஞ்சம் தேறிய பிறகு கேட்டான்: "பாப்பா எப்படி இருக்குதுங்க அண்ணி? பன்னெண்டாவது பரீட்சை எழுதுச்சுங்களா?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி இரண்டாம் வருடம் ஒரு பெண் பிறந்தது, அழவே இல்லை. அதன் பிறகு எதுவும் தங்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி நானும் அவரும் பேசிக்கொண்டதும் இல்லை. நான் பேச்செடுத்தால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பிறகு நானும் எடுப்பதை விட்டுவிட்டேன். இருந்திருந்தால் இந்த வருடம் பன்னிரண்டாவதுதான்.

"பாப்பாவப் பத்தி என்ன சொல்லியிருக்கார், தம்பி?" என்றேன்.

"எப்பவும் அந்தப் பேச்சுத்தானுங்க. கணக்குன்னா பயமாம். சைக்கிள் ஓட்டப் பழகி முட்டியப் பேத்துக்கிச்சாம். மழ பேஞ்சா கொடை பிடிக்காதாம். கோவம் வந்தா அவங்கம்மா மாதிரியே பேசாம உக்காந்துக்கும்னு சொல்லிச் சிரிப்பாருங்க. பேரு மட்டும் சொன்னதில்லைங்க. ஊரு தூத்துக்குடின்னு சொன்னதுகூடப் பொய்யின்னு எனக்குத் தெரியும். ஆனா பாப்பாவப் பத்திப் பேசறப்ப அந்த மனுசன் வேற மாதிரி இருப்பாருங்க."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை.

"நல்லா எழுதியிருக்கா தம்பி" என்றேன்.

பேசி முடித்து, காலியாகிக் கிடந்த அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. எவனோ ஒருவனிடம் அந்தப் பிள்ளை சைக்கிள் பழகியதையும் கணக்குக்குப் பயந்ததையும் சொன்ன மனுஷன், பக்கத்தில் படுத்திருந்த என்னிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். நானும் அவளை வளர்த்திருப்பேனே. அண்ணன் வந்து என்னம்மா என்று கேட்டார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒயர்களைப் பிடுங்கிச் சுற்றிக் கொடுத்தேன்.

வடக்குத்து வீட்டில் அதை ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று எதிர்வீட்டுப் பெண் சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் போனதும், அந்தத் தம்பி கேட்டுக் காத்திருப்பான் என்று தோன்றியது. போனிலிருந்து நெட் எடுத்துத் திறந்தேன். கேட்டுத்தான் இருந்தான்: "பாப்பா மார்க் எவ்வளவு அண்ணி?"

எத்தனை மார்க் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். ஆனால் அடுத்து எந்தக் காலேஜ் என்பான். அதற்குப் பிறகு கல்யாணம் என்பான். அவர் அளவுக்கு என்னால் அவளை நடத்திக்கொண்டு போக முடியாது.

"தம்பி, எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிறந்தபோதே இறந்துவிட்டது. அவர் உங்களிடம் சொன்னது அந்தப் பிள்ளையைத்தான்" என்று எழுதினேன்.

படித்துவிட்டான் என்று காட்டியது. அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாள் ஒரே வரி வந்தது: "சரிங்க அண்ணி. உடம்பப் பாத்துக்குங்க."

மனசு கேட்காமல் சில நாள் கழித்து மறுபடி திறந்தேன். அவன் கணக்கே அங்கே இல்லை. எடுத்துவிட்டிருந்தான். ஏமாந்தோம் என்று நினைத்தானோ, அவனுக்கும் துக்கம் தாங்கவில்லையோ. கேட்கலாம் என்றால் பேர் தெரியாது, ஊர் தெரியாது, போன் நம்பர் இல்லை. கூட்டத்தில் மற்றவர்களிடம் விசாரித்தேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர்கள் வழக்கப்படி தெரிந்திருக்கவும் கூடாது.

சைக்கிளிலிருந்து எங்கே விழுந்தாள், யார் தூக்கிவிட்டார்கள் என்றெல்லாம் அவனிடம் கேட்டு வைத்துக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.