பசை போகாத சுவர்

பெங்களூருக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்குப் பழகாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே சுவருக்கு உள்பக்கம் காகிதம் ஒட்டுகிறார்கள். குளிர், டிராபிக், சாம்பாரில் வெல்லம் என்று நீங்கள் ஊரில் கேள்விப்பட்டிருக்கும் மற்றதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். இது பழகவில்லை. அடுகோடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க வால்பேப்பர், வெளிர்பச்சையில் பெரிய பெரிய ரோஜா. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் ரத்னம்மா, தன் மகனின் கல்யாணத்துக்காக ஆசையாக ஒட்டியது. மகனும் மருமகளும் வைட்ஃபீல்டில் அபார்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரோஜா எங்கள் தலையில் விழுந்தது. ஆணி அடிக்கக் கூடாது, ஈரத்துணி படக் கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

எங்கள் குடியாத்தத்தில் காகிதம் சுவருக்கு வெளிப்பக்கம். யாரையும் கேட்டு ஒட்டுகிற வழக்கமும் கிடையாது. எங்கள் வீடு கடைத்தெருவில் இருந்ததால், ஊரில் யாருக்குக் காது குத்தினாலும், எந்தப் பெண் பெரியவளானாலும், எவர் செத்தாலும் விடிவதற்குள் எங்கள் சுவரில் போஸ்டர் ஏறிவிடும். 'விளம்பரம் செய்யாதீர்' என்று அப்பா பெயின்டில் எழுதி வைத்தார். அதன் மேலேயே கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள். அம்மாவின் காலை, கோலத்தில் அல்ல, அந்தச் சுவரில்தான் தொடங்கும். ஒரு வாளி வெந்நீர், தேய்ந்துபோன ஒரு தோசைத் திருப்பி. பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள், சுரண்டச் சுரண்ட நீலத் தண்ணீராக வழியும். "உங்க வூட்டு சாவுக்கு என் சுவருதான் கெடச்சுதா?" என்று காலியான தெருவைப் பார்த்துத் திட்டுவாள். அப்பா இறந்தபோதும் அவள் அசையவில்லை. ஊரெல்லாம் அவர் படம் ஒட்டினார்கள், எங்கள் சுவரில் மட்டும் விடவில்லை. "உள்ள இருந்த மனுசன எதுக்கு வெளிய ஒட்டணும்?" என்றாள்.

பிறகு அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்தாள், பக்கத்து வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். தனியாக விட முடியாது என்று வீட்டை விற்றுவிட்டு அடுகோடிக்கு அழைத்து வந்தேன். வந்த முதல் வாரமே, ஆபீஸிலிருந்து திரும்பியபோது ரோஜாச் சுவரில் இடுப்பளவுக்குக் காகிதம் கிழிந்து தொங்கியது. அம்மா தரையில் உட்கார்ந்து நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் வேலையாயிருந்த என் மனைவிக்குச் சத்தமே கேட்கவில்லை. எனக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. அம்மாவைப் பொறுத்தவரை சுவரில் காகிதம் என்றால் யாரோ கேட்காமல் ஒட்டிவிட்டுப் போனது.

ரத்னம்மாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் விளக்கினேன். கடைத்தெரு, போஸ்டர், மைதாப் பசை, எல்லாவற்றையும் சொன்னேன். "மனே ஒளகே யாரு போஸ்டர் அண்டிஸ்தாரே?" என்றார். வீட்டுக்குள் யார் போஸ்டர் ஒட்டுவார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். அம்மாவுக்கு ரோஜா பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவராக முடிவு செய்துகொண்டார். மறுநாள் மகன் வீட்டில் மிச்சமிருந்த ஒரு ரோலோடு மேலே வந்தார். அதில் ரோஜாவுக்குப் பதில் மயில். நல்ல மனசு அவருக்கு, கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

அன்று மாலை மயில் ரோலை ஒட்டியது நான். கையில் பிரஷ், பக்கெட்டில் பசை. கட்டிலில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். "டேய், யாரு வூட்டு சாவுடா? வேற சுவரே இல்லியா ஊர்ல?" என்றாள். "அம்மா, நான் செல்வம்மா" என்றேன். "எந்த செல்வம்? பிரஸ்ஸுல வேலை செய்யறவனா?" என்று கேட்டாள். அதற்கு முன்பும் என்னைத் தெரியாமல் விழித்திருக்கிறாள். அன்றுதான் என்னை வேறொருவனாக அடையாளம் கண்டாள், அதுவும் வாழ்நாளெல்லாம் அவள் திட்டித் தீர்த்த போஸ்டர்காரனாக. ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட மாட்டாளா என்று அன்று முதல் காத்திருக்கத் தொடங்கினேன். வேறெதையும் நான் வேண்டவில்லை.

மயிலும் ஒரு மாதம் தாங்கவில்லை. பெயின்டே அடித்துவிடலாம் என்று ரத்னம்மாவும் இறங்கி வந்தார். ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்த பெயின்டர் சுவரைத் தடவிப் பார்த்து, "காயிதம் போச்சு, கோந்து போவலியே சார். இதும்மேல அடிச்சா சொல்ப நாள்ல பொக்குளம் பொக்குளமா உரியும். க்ளீனா எடுத்துட்டு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிப் போய்விட்டான். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தச் சுவரோடு மல்லுக்கு நின்றேன். வெந்நீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, ஸ்பாஞ்சால் ஒற்றி, ஊறவிட்டு, தகட்டால் சுரண்ட வேண்டும். பழுப்பு நிறத்தில் சளி மாதிரி திரண்டு வரும். துடைத்துக் காயவிட்டு ஈரக்கையை வைத்தால் மறுபடி வழுக்கும். கடைத்தெருச் சுவர் உச்சிவெயிலில் நனைத்த வேகத்தில் காயும், இங்கே பெங்களூர் மழைக்கால ஈரத்தில் பசை சாகவே மாட்டேன் என்கிறது.

இரண்டாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். அம்மா கட்டிலை விட்டு இறங்கி என் பின்னால் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் என் கையையும் தகட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் என் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ, என் சுவர சுத்தம் பண்றே. உன்ன பெத்தவ நல்லா இருக்கணும்" என்றாள்.

"நீ நல்லா இருந்தா சரிம்மா" என்றேன்.

"எனக்கு இன்னா? எனக்கும் ஒரு புள்ள இருக்கறான். பெங்களூர்ல. வரவே மாட்டறான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த மழையிலேயே அம்மா போய்விட்டாள். காய்ச்சல், ஆஸ்பத்திரி, பிறகு மின்மயானம் என்று எல்லாம் வேகமாக முடிந்தது. கடைசிவரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ரத்னம்மா அந்த அறைக்கு வந்து, பாதி சுரண்டிய சுவரில் கையை வைத்து, "அய்யோ பாப" என்று கன்னடத்தில் பாவப்பட்டு அழுதார். அவர் அழுததைப் பார்த்த பிறகுதான் அது எங்களுக்கும் வீடாயிருந்திருக்கிறது என்று தோன்றியது.

பதினாறாம் நாள் காரியத்தை ஊரில் வைத்தோம். சித்தப்பா மகன் பாபுதான் எல்லா ஏற்பாடும். பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைத்தெருவில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. எங்கள் பழைய வீட்டுச் சுவரில், நடுவாந்திரமாக, அம்மாவின் படம். கண்ணீர் அஞ்சலி. கீழே 'மகன்: பெங்களூர் செல்வம்' என்று போட்டிருந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த ஊரில் அச்சடித்த பெயர் அது. "பெரிம்மா வூட்டு சுவத்துல ஒட்டாம வேற எங்கண்ணா ஒட்றது?" என்று பாபு பெருமையாகக் கேட்டான். அவனை என்ன சொல்வது?

காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சித்தி வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு வாளி வெந்நீரும் தோசைத் திருப்பியும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தேன். அம்மா படத்தின் மேல் ஓரத்தில் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். முகம் கிழியாமல் எடுத்துவிட வேண்டும் என்று கவனமாகத் திருப்பியை உள்ளே கொடுத்தேன். நீலத் தண்ணீர் என் முழங்கை வழியாக வழிந்தது.

கதவு திறந்தது. வீட்டை வாங்கியவர் வாடகைக்கு விட்டிருந்தார் போல. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வெளியே வந்து நின்றாள்.

"யாருப்பா நீ? எங்க சுவத்துல இன்னா பண்றே?" என்றாள்.

கையில் பாதி உரிந்த அம்மா இருந்தாள். இந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை.

"பெங்களூர்லருந்து வரேம்மா" என்றேன்.