எந்தக் கொம்பியூட்டர் கெதி?

கொம்பியூட்டர் படிப்பிக்கிற ஆளிடம் அது என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்பதில்லை. எவ்வளவு கெதியாய், எவ்வளவு வேகமாய்ச் செய்யும் என்றுதான் கேட்பார்கள். இந்தத் தொழிலில் மாரடித்தவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எண்பதுகளின் நடுவில், மருதனார்மடச் சந்தியில் ஒரு சைக்கிள் கடை மேல்மாடியில் பேசிக் என்ற கொம்பியூட்டர் மொழி படிப்பித்தேன். இடமும் மெசினும் சைக்கிள் கடைக்காரர் தருமண்ணையுடையவை, தொண்டைத் தண்ணி என்னுடையது. அந்த வருசம் பக்கத்து மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒரு கொம்பியூட்டர் வாங்கப் போவதாய்க் கதை வந்தது. யாழ்ப்பாணத்துக் கொம்பியூட்டர் வகுப்புகளைக் கூப்பிட்டு ஒரு போட்டி வைப்பார்களாம். எந்த மெசின் முந்துதோ அதை வாங்கி, அந்த வகுப்பிலிருந்தே ஒரு ரீச்சரையும் எடுப்பார்களாம். எனக்கு அந்த வேலை வேண்டும். கணிதப் பட்டம் எடுத்து நாலு வருசமாய், "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்கிற சொந்தக்காரருக்குப் பதில் சொல்லிக் களைத்துப் போயிருந்தேன்.

வெங்காயப் பிடி

வெளிநாட்டிலிருந்து யாருக்கு எந்த மெசின் வந்தாலும் என்னிடம் அளக்கக் கொண்டுவருவார்கள். ஒன்றிலிருந்து பத்தாயிரம் வரை சும்மா எண்ணச் சொல்லி மணிக்கூட்டைப் பார்ப்பேன். பிறகு சைன் கணக்குக் கொடுப்பேன். எண்ணுவதில் முந்தினது சைனில் பிந்தும், ஆனபடியால் இரண்டையும் எழுதிச் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தேன். தருமண்ணையின் மண்ணிறப் பெட்டி நடுவில். ரப்பர்ப் பட்டன் வைத்த சின்னக் கறுப்பு மெசின், எங்கள் வாயில் கறுப்பன், கடைசி.

புத்தூர்க் கமக்காரர் ஒருவர், மகன் ஜேர்மனியிலிருந்து அனுப்பின கறுப்பனைச் சீலையில் சுற்றிக்கொண்டு வந்தார். எண்ணவிட்டோம். ரீவித் திரையில் ஒன்றும் அசையவில்லை. முக்கால் நிமிசம் கழித்து "முடிந்தது" என்று வந்தது. மனிசன் திரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சும்மா எண்ணுறதுக்கு முக்கால் நிமிசமோ பிள்ளை? என்ரை மனிசி இதுக்குள்ளை அரைவாசி லொறிக்கு வெங்காயப் பிடி எண்ணி ஏத்திப்போடுவாள்."

கரண்ட்

குருநகரில் இன்னொரு வகுப்பு இருந்தது. நடத்தினவர் அருளப்பு மாஸ்டர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தங்கமான மனிசன். தன்ரை மெசினைப் பற்றித் தொடங்கினால் மட்டும் வாய் மூடாது. இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்களுக்கென்றே செய்த பெட்டி அது. போட்டிக்கு முதல் ஒருக்கால் அளந்து பார்ப்போம் என்று காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் எழுதின நாலு வரியை அடிக்க விடவில்லை. அதே கணக்குக்குத் தானே எழுதிக் கசெற்றில் பதிந்து வந்த புரோகிராமைத்தான் போட்டார். பட்டியலில் கறுப்பனுக்கு ஒருபடி மேலே வந்து நின்றது.

எனக்கு அது இடித்தது. நல்ல பெட்டி, இப்படிப் பிந்தக்கூடாது. மாஸ்டரோ கரண்டில் பழியைப் போட்டார். கரண்ட் குறைந்தால் ரீவிப் படம் சுருங்கும், ஃபான் சோரும், ஆனால் கொம்பியூட்டர் ஓடினால் ஒரே கெதியில் ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனிசன் கேட்டால்தானே.

"கரண்ட் சீராய் வந்திருந்தால் என்ரை மெசின் இப்ப ஊர்காவற்றுறை தாண்டியிருக்கும்."

இருபத்தொரு சாமி

பேசிக்கில் "ரெம்" என்று தொடங்கினால் அந்த வரியில் என்னவும் எழுதலாம். மெசின் கவனிக்காமல் தாண்டிப் போகும். ஆனால் தாண்டவும் நேரம் எடுக்கும். பிள்ளையார் சுழி போடாமல் கடைத் துண்டுகூட எழுதாத எங்கடை பிள்ளைகளுக்கு இந்த ரெம் எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கோ.

வசந்தி என்ற மாணவி, நான் கொடுத்த அதே கணக்கை அதே மெசினில் போட்டாள், மற்றவர்களுடையதைவிடச் சுணங்கியது. பார்த்தால், முதல் வரியில் பிள்ளையார், இரண்டாவதில் நல்லூர் முருகன், பிறகு மாவிட்டபுரம், செல்வச்சந்நிதி என்று இருபத்தொரு ரெம். மேலே ஒரு வரிக்குத் திரும்பிப் போ என்று சொல்லுகிற ஒவ்வொரு தரமும் எங்கடை மெசின் முதல் வரியிலிருந்து தேடிக்கொண்டு வரும். பஸ்ஸில் போகிறவர் வழியில் உள்ள அத்தனை கோயிலிலும் இறங்கிக் கும்பிட்டால் எப்படி? கொஞ்சத்தைக் குறை என்றேன்.

"குறைக்கிறன் ரீச்சர், ஆனால் எந்தச் சாமியை எடுக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

மண்டபத்தில்

போட்டியன்று மற்ற வகுப்புகள் ஒன்றும் வரவில்லை, நாங்களும் மாஸ்டரும்தான். நூற்றிருபது பிள்ளைகளின் சோதனைப் புள்ளிகளைப் பெரிதிலிருந்து சிறிதாய் அடுக்க வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பாவிக்கிற ஸ்ரொப் வோச்சோடு பிரின்சிப்பல் அம்மா நின்றா. தருமண்ணை சாமி இல்லாத புரோகிராமைத் தொடமாட்டேன் என்று நின்றதால், எல்லாச் சாமியையும் ஒரே ரெம் வரியில் சேர்த்து ஏற்றியிருந்தேன். வரி தேடுகையில் மெசின் எழுத்தைப் பார்க்காது, ஒரு வரியென்றால் ஒரு தாண்டல்தான். எங்கள் பெட்டி இரண்டரை நிமிசம். மாஸ்டரின் பெட்டி மூன்று. தருமண்ணை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் மாஸ்டரின் திரையில் அவர் எழுதின வரிகளைப் பார்த்தேன். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் அல்லவா? அடுத்த பெரிய புள்ளியைத் தேடுகிற இடத்திலேயே, நாலு ரெம் வரியில், அந்தோனியார் மன்றாட்டு முழுவதையும் வைத்திருந்தார் மாஸ்டர். தேடுகிற ஆயிரக்கணக்கான தரமும் மெசின் அந்த மன்றாட்டை எழுத்தெழுத்தாய்த் தாண்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்கடை வகுப்பில் அளந்தபோதும் இப்படி ஒரு மன்றாட்டுத்தான் குறுக்கே நின்றிருக்கிறது.

பேசாமல் இருந்திருக்கலாம். வேலை என் கைக்கு வந்துவிட்டது. ஆனால் பிழையான பட்டியல் எழுதினவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு என்னால் இருக்க ஏலாது. மன்றாட்டை ஒரே ஒரு தரம் மட்டும் தாண்டுகிற மாதிரி மேலே தூக்கி வைத்துத் திரும்ப ஓட்டச் சொன்னேன். மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு தூக்கினார். ஒன்றேகால் நிமிசம்! தருமண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை.

பிரின்சிப்பல் மெதடிஸ்த சபை. தங்கடை ஆக்கள் இடையில் புனிதர் ஒருவரும் இல்லாமல் நேரே கடவுளோடு கதைக்கிறதால் நேரம் மிச்சம் என்று மாஸ்டரைப் பகிடி பண்ணினா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"மெசின் மாஸ்டரின்ரை மாதிரி வாங்குவம். ஆனால் அது ஏன் பிந்தினது எண்டு அவருக்குத் தெரியேல்லை, உமக்குத்தான் தெரிஞ்சது. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வாரும்."

தன்னைத் தோற்கடித்த மெசினையே நாள்தோறும் தூசு தட்டிச் சம்பளம் வாங்கினவள் யாழ்ப்பாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.