மகளிடம் இங்கிலீஷ் படித்த என் ஓரகத்தி

மந்தைவெளியில் எங்கள் வீட்டில் மாடியில் நாங்கள், கீழே என் கொழுந்தனும் ஓரகத்தியும் அவர்களுடைய இரண்டு வயதுப் பையனும். அடையாறில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதும் இங்கிலீஷைத் திருத்துவது என் வேலை. பெரிய மேனேஜர்கள்கூட மெயிலை அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் ஒரு முறை காட்டிவிடுவார்கள். மூன்றாவது படிக்கும் என் மகளுக்கு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் சொல்லிக்கொடுக்க இந்த வீட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று நான் நினைத்ததில் தப்பே இல்லை.

எட்டையும் வரிசையாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். பெயரைச் சொன்னால் நவுன், செய்வதைச் சொன்னால் வெர்ப், எப்படிப்பட்டது என்றால் அட்ஜெக்டிவ், எப்படிச் செய்தாய் என்றால் அட்வெர்ப். திருப்பிக் கேட்டால் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஃபேனைப் பார்ப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொல்வேன். கடைசியில் அவள் கண் கலங்கும், நான் எழுந்து போய்க் குக்கர் வைப்பேன். அந்தப் பரீட்சையில் அவள் வாங்கிய மார்க்கை நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த பரீட்சையில் ஒரே ஒரு தப்பு. போட்ட உழைப்பு வீண்போகவில்லை என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வாரமே ஒரு நாள் சீக்கிரம் கிளம்பி வந்தவள், கீழ்வீட்டு வாசலில் மகளின் குரல் கேட்டு நின்றுவிட்டேன்.

சமையலறைத் தரையில் ஓரகத்தி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே என் மகள் கையில் ஸ்கேலோடு நின்றிருந்தாள்.

"மிஸ், வெங்காயம் நவுன், உரிக்கிறது வெர்ப். நான் அழுதுக்கினே உரிக்கிறனே, அது இன்னா மிஸ்?"

"எப்படி உரிக்கற? அழுதுகிட்டே. அப்ப அட்வெர்ப்."

"அப்ப சின்ன வெங்காயத்துல வர்ற சின்ன?"

"நீயே சொல்லு சித்தி. பரவால்ல, நிதானமா யோசி."

மகளின் பதில்களில் ஏதாவது பிழை இருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடினேன். இல்லை. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவை, என் இழுவையோடு அப்படியே வந்தன. ஆனால் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை என் பாடத்தில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நிதானமா யோசி என்பதை எங்கே பிடித்தாளோ தெரியவில்லை. என்னிடம் இல்லை.

ஓரகத்தி என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்தவரின் மகள் அவள். ஒளித்துப் பேசத் தெரியாது.

"தம்பிய எல்கேஜி சேக்கறப்போ அம்மா அப்பாவயும் கூப்ட்டு இங்கிலீஷ்ல கேப்பாங்களாமேக்கா. நான் தமிழ் மீடியம். அதான், பாப்பா எனக்கு டெய்லி சொல்லிக் குடுத்துக்கினு கீது."

என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். "நீங்க டயர்டா வர்றீங்க" என்றாள். என் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய காரணம் அவளுக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

கணவரிடம் சொன்னேன். "யார் கிட்ட படிச்சா என்ன, வந்தா சரி" என்றார். யாரிடம் என்பதுதான் எனக்கு விஷயமே. பெற்றவள் நான், படித்தவள் நான், அந்தச் சிரிப்பு மட்டும் கீழ்வீட்டுக்கா? இனிமேல் பாடமெல்லாம் மாடியில்தான் என்று மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அவள் பழையபடி பென்சிலைக் கடிக்க ஆரம்பித்தாள்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஓரகத்தி செய்வதில் அப்படி என்ன வித்தை இருக்கிறது? நானும் செய்தால் போயிற்று. சனிக்கிழமை காலை ஆபீஸ் போனை அணைத்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கத் தொடங்கினேன். ஸ்கேலை எடுத்து மகள் கையில் கொடுத்தேன்.

"மிஸ், கன்ஜங்ஷன்னா என்ன மிஸ்?"

அவள் என்னையே பார்த்தாள். "உனக்குத்தான் தெரியுமேம்மா."

"இல்லடா, மறந்துபோச்சு. நீ சொல்லிக்குடு."

ஸ்கேலால் தன் முழங்காலைத் தட்டினாள். பிறகு என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னாள். "ஆண்ட், பட், ஆர். இதெல்லாம் வெர்ப்."

தப்பு என்று நான் திருத்தவில்லை. கத்தியைக்கூட நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாக.

"பாத்தியா, மூஞ்சி மாறிடுச்சு" என்றாள். குரலில் கோபமே இல்லை. "சித்திக்கு நெஜமாவே தெரியாதும்மா. அதான் எனக்குப் பயமா இருக்காது."

ஸ்கேலை என் பக்கத்தில் வைத்துவிட்டு, கீழே போகட்டுமா என்று கேட்டாள். போ என்றேன்.