கூர் போட்ட பின்னல் ஊசி

எனக்கு இரும்பு தெரியும். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் பிட்டர் வேலை. எந்தக் கம்பியைக் கொடுத்தாலும் தட்டிப் பார்த்து ஜாதகம் சொல்லுவேன். என் பெண்டாட்டியின் ஆசையில் மண் விழுந்தது இந்தப் படிப்பினால்தான்.

ராயபுரத்தில் அவள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் இடம் காலியானது. அந்த வேலைக்கு, சனிக்கிழமை பள்ளித் தலைவியான மதர் எதிரில் உட்கார்ந்து, வெள்ளைக் கம்பளி நூலில் ஒரு குழந்தைக் காலுறை பின்னிக் காட்ட வேண்டும். அந்த வாரம் பார்த்து அவளுடைய பழைய மூங்கில் ஊசியில் ஒன்று முறிந்துபோனது.

"மூங்கில்லயே வாங்கினு வா. நுனி மழுங்கலா இருக்கணும். துணி மேல இழுத்துப் பாரு, மாட்டக் கூடாது."

"எந்தத் துணி?"

"உன் வேட்டி கீதே, அதும் மேலதான்."

டோல்கேட் பக்கம் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சியின் கடை. மூங்கில் ஊசியைத்தான் முதலில் எடுத்து வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல் குத்தும் குச்சிக்கு அண்ணன் மாதிரி இருந்தது. பக்கத்திலேயே எஃகு ஊசி, பளபளவென்று. வளைத்துப் பார்த்தேன், வளையவில்லை. கல்லில் தட்டினேன், கணீரென்றது. நுனிதான் மொண்ணை.

"கூரானது இல்லையா அண்ணாச்சி?"

"இது பின்னுறதுக்கு, வே. கோணி தைக்கவா போறீரு?"

கடைக்காரருக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று எஃகையே வாங்கிக்கொண்டேன். மறுநாள் பட்டறையில் சாணைக்கல்லில் பிடித்து, இரண்டுக்கும் அப்படி ஒரு கூர் போட்டேன். தோஸ்துகள் எல்லாம் கூடி நின்று பாராட்டினார்கள். அவர்களும் பிட்டர்கள்தானே.

சனிக்கிழமை காலை அவள் கிளம்பும்போதுதான் கையில் கொடுத்தேன். அசத்த வேண்டுமாம். நுனியைத் தொட்டவள் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா இது?"

"கூர் போட்டுக்கீறேன்."

வேறு ஊசி தேட நேரமில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் திரும்பி வந்து, பாதிக் காலுறையைப் பெட்டி மேல் வைத்தாள். நாய் கடித்த மாதிரி இருந்தது.

"நூலுக்குள்ளாற பூந்து புரிபுரியா பிரிச்சிடுச்சு. வேர்வைக் கையில எஃகு நிக்கல. ஒரு கண்ணு மாட்டினா ரெண்டு கண்ணு நழுவுது."

"மதர் இன்னா சொன்னாங்க?"

"ஊசி யாரு வாங்கியாந்ததுன்னு கேட்டாங்க. வூட்டுக்காரருன்னேன். ஐயோ பாவம்னாங்க."

"யாரை?"



கேட்டதை அப்படியே வாங்கி வர மூளை தேவையில்லை. என்னிடம் அது கொஞ்சம் மிச்சமாக இருந்துவிட்டது. அந்த வேலைக்கு வேறொருத்தி வந்தாள். தலை நரைக்கும்வரை அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. என் பெண்டாட்டி அதன்பின் நூலைத் தொடவில்லை. வாசலில் இட்லிக் கடை போட்டாள். டீச்சரம்மா என்று கூப்பிட்டிருக்க வேண்டிய வாய்கள் "ஆயா, நாலு இட்லி" என்றன.

வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்க அந்த ஊசிதான். விடியற்காலையில் சட்டியைத் திறந்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு குத்து.

இத்தனை வருஷத்தில் கூர் போகவில்லை. வேலை என்றால் என் வேலை.