பதினொரு நிபந்தனைகளும் ஒரு தூக்குக்குண்டும்

என் மகள் தவழக் கற்றுக்கொண்ட அதே வாரத்தில் எங்கள் சமையலறையின் பின்சுவரை இடித்தோம். இதைவிட மோசமான நாள் கிடைத்திருக்காது. ஆனால் பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரம் குறித்து, கடப்பாரைக்குக் குங்குமம் வைத்துத்தான் இடித்தோம். குங்குமம் வைத்தவள் நான்.

சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் தாண்டி இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. என் கணவர் ரயில்வே ஆபீஸில் கிளார்க். சமையலறை எவ்வளவு சிறியது என்றால், அம்மியில் உட்கார வேண்டுமானால் அரிசிப் பானையை வெளியே எடுத்து வைக்க வேண்டும். பின்சுவரை எடுத்துவிட்டு நான்கடி தள்ளிக் கட்டி, மேலே சிமெண்டு சீட் போட்டால் மனுஷி மாதிரி நின்று சமைக்கலாம் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது நடக்கப்போகிறது என்றதும் பயம் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மேஸ்திரி நாமக்கல் பக்கத்துக்காரர். என் கணவரின் ஆபீஸில் இரண்டு பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், நல்ல கைவேலை, பேச்சும் நயம். ஆனால் வீட்டு வேலைக்கு ஆள் விட்டு அவதிப்பட்டவர்களின் கதைகளை நான் நிறையக் கேட்டிருந்தேன். அதனால் ஒரு முழுத்தாளில் கோடு போட்டு, நிபந்தனைகள் எழுத உட்கார்ந்தேன். பத்து வந்தது.

"இது என்ன, கவர்ன்மென்ட் டெண்டரா?" என்றார் என் கணவர். "நாலடிச் சமையலறைக்குப் பத்து ஷரத்தா? மனுஷன் ஓடிப்போயிடுவான்."

"ஓடினா இப்பவே ஓடட்டும். இடிச்சுட்டு ஓடறதுக்கு இது தேவலை" என்றேன். சொல்லிவிட்டு, ரொம்பக் கடுமையாக எழுதிவிட்டோமோ என்று ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் 'கூடாது' என்று முடிந்த இடத்திலெல்லாம் பின்னால் 'தயவுசெய்து' சேர்த்தேன்.

மேஸ்திரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். எடுத்த வேலை முடியும்வரை வேறு வேலை ஒப்புக்கொள்ளக் கூடாது, தயவுசெய்து. செங்கல், மணல், சிமெண்டு மூன்றும் வந்து சேரும்முன் எதையும் இடிக்கக் கூடாது, தயவுசெய்து. வேலை முடிகிறவரை மேஸ்திரியின் முக்கியமான தொழில் சாமான் ஒன்றாவது எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஒழுகினால் ஒரு வருஷத்துக்குள் வந்து அடைத்துத் தர வேண்டும். தொட்டில் பக்கம் பீடி கூடாது, தயவுசெய்து. ஆணிகளை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும்.

"ஏனுங்க அம்மிணி, எங்க கடமையெல்லாம் எழுதியிருக்கீங்க. உங்க கடமை ஒண்ணுகூட இல்லீங்களே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நியாயந்தானே. "என்ன எழுதணும் சொல்லுங்க மேஸ்திரி."

"டீ. பதினோரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. எழுதிக்குங்க."

அதுதான் பதினொன்றாவது. அவர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். ஆறாவது நிபந்தனைப்படி அவருடைய தூக்குக்குண்டைக் கொடுத்தார். சுவர் நேராக நிற்கிறதா என்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கிற பித்தளைக் குண்டு. தொழிலுக்கு வந்த வருஷம் வாங்கினதாம், ராசியானதாம். "இது இங்க இருந்தா நானும் இங்கதானுங்க இருப்பேன்" என்றார். நான் அதைத் துடைத்து அலமாரியில், மகளின் கிரைப் வாட்டர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மூன்று நாளில் சுண்ணாம்புக் கலவையில் அஸ்திவாரம் போட்டு முடித்தார்கள். சிமெண்டு மட்டும் வரவில்லை. அப்போது சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டும். எங்கள் மனு தாலுகா ஆபீஸில் ஏதோ ஒரு மேஜையில் இருந்தது. ஆவணி கடைசி முகூர்த்தத்தன்று காலை மேஸ்திரி கடப்பாரையோடு வந்து நின்றார்.

"சிமெண்டு வரலையே மேஸ்திரி. அஞ்சாவது நிபந்தனை..."

"வாஸ்தவந்தானுங்க. ஆனா நாளைக்கழிச்சுப் புரட்டாசி பொறக்குது. புரட்டாசில செவுத்துல கை வெக்கலாமுங்களா? இன்னிக்கு ஆரம்பிச்சுட்டா அப்பறம் எப்ப வேணா கட்டலாம். இன்னிக்கு உட்டா ஐப்பசிதானுங்க. ஐப்பசில மழை. உங்க இஷ்டம்."

படித்தவள்தான், நானே எழுதின நிபந்தனைதான். ஆனால் புரட்டாசி என்று சொன்னதும் என் கை தானாகக் குங்குமச் சிமிழைத் தேடியது. கைக்குழந்தை இருக்கிற வீடு, ஆகாத மாதத்தில் எதையாவது செய்து ஏதாவது ஆகிவிட்டால்? அரை மணி நேரத்தில் சுவர் தரைமட்டம். நான் அடுப்படியிலிருந்தே அடுத்த தெருக் கிணற்றுக் கயிற்றைப் பார்த்தேன். பதினோரு மணிக்கு டீ கொடுத்தேன். நாலு மணிக்கும் கொடுத்தேன். மறுநாள் டீ போட்டு வைத்திருந்தேன். குடிக்க ஆள் வரவில்லை.

பத்து நாளில் சிமெண்டு மூட்டைகள் வந்துவிட்டன. மேஸ்திரி வரவில்லை. என் கணவர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "நாளைக்கு வாரனுங்கன்னு சொன்னார்." அடுத்த வாரமும் போவார். "நாளைக்குக் கண்டிப்பா வாரனுங்கன்னு சொன்னார்." 'கண்டிப்பா' சேர்ந்ததை ஒரு முன்னேற்றமாக இவர் நினைத்தார்.

இதற்குள் என் மகளுக்கு அந்தத் திறப்பின்மேல் அப்படி ஓர் ஆசை. தென்னந்தட்டி கட்டிச் சாக்குப் போட்டு மறைத்திருந்தோம். தட்டியைத் தலையால் முட்டிக்கொண்டு போய்விடுவாள். வெளியே சுண்ணாம்புக் குழி, உடைந்த செங்கல், தெரு நாய். ஸ்டவ்வை முன்னறைக்குக் கொண்டுவந்து, சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவில் சமைத்தேன். அவள் இடுப்பில் ஒரு பழைய புடவைத் துண்டைக் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். யாராவது வந்தால் அவசரமாக அவிழ்ப்பேன். சேர்வராயன் மலைப்பக்கம் கறுத்தால் ஓடிப்போய்த் தட்டியை இழுத்துக் கட்டுவேன். மழை வந்தால் மூட்டைகள் கல்லாகிவிடும், தட்டி நிற்காது, அப்புறம் குழந்தையை எங்கே விடுவது?

தெருக்கோடியில் இருந்த இன்னொரு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அஸ்திவாரத்தைக் காலால் தட்டிப் பார்த்து, "நல்லாப் போட்டிருக்காருங்க" என்றார். கட்டித் தருவாரா என்றதும் இரண்டடி பின்னால் போனார்.

"ஒருத்தர் கை வெச்ச வேலைல இன்னொருத்தர் கை வெக்க மாட்டமுங்க. அவரு வந்து 'நீ பாத்துக்கப்பா'ன்னு சொல்லோணும். இல்லீன்னா தொழிலுக்கு ஆகாது." போகிற போக்கில் ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனார்: "அவரை நீங்க குத்தம் சொல்லக் கூடாதுங்க. ஆவணி கடேசி மூர்த்தத்துல நாலு ஊட்டுல செவுத்த இடிச்சிருக்காரு. அன்னிக்கு உட்டா புரட்டாசில புது வேலை ஏதுங்க?"

நாலு வீடு! நாலு வீட்டிலும் ஒரே நாளில் ஒவ்வொரு சுவர். துண்டு போட்டு பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தாவிடம் போனேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். "கேஸ் போடலாம். ஜெயிப்பீங்க. பாப்பா கல்யாணத்துக்கு முன்னால தீர்ப்பு வந்துடும்."

நான் வீட்டுக்கு வந்து அழுதேன். தாளை மடித்துத் தூக்குக்குண்டுக்கு அடியில் வைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. புத்தகங்கள், கத்திரிக்கோல், அரிவாள்மனை, என் கணவரின் பேனா, சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து முடித்தபோது அலமாரியில் அந்தக் குண்டு கண்ணில் பட்டது. ஒருவர் தொழில் செய்கிற சாமான். நம் வீட்டில் இருக்கும்போது பூஜை இல்லாமல் விட்டால் பாவம் யாருக்கு? அவர்மேல் கோபம் இருந்தாலும் குண்டின்மேல் என்ன கோபம்? புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலைத் தட்டுக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். அதில் ஒரு திட்டமும் இல்லை என்று நான் சொன்னால் என் கணவர் இன்றுவரை நம்புவதில்லை.

கற்பூரம் அணைவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு மேஸ்திரி.

"அம்மிணி, அந்தக் குண்டைக் குடுத்தீங்கன்னா... பூசைக்கு வெக்கோணும். சாயங்காலமே கொண்டாந்து..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் தட்டைப் பார்த்து அப்படியே நின்றார். "அடடா. பூசை போட்டுட்டீங்களா?"

"இப்பத்தான். தப்பா மேஸ்திரி?"

"பூசைல வெச்சதை இன்னிக்கு எடுக்கக் கூடாதுங்களே."

எனக்குப் பதறிவிட்டது. "பரவாயில்லை, எடுத்துட்டுப் போங்க. நான் வேணா சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

என் கணவர் பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்த இழுப்பில் நான் அரையடி நகர்ந்தேன். ஆனால் மேஸ்திரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆகாதுங்க அம்மிணி. நாளைக்கு மறுபூசை பண்ணித்தான் எடுக்கோணும். எடுத்த எடத்துல மொதல் வேலை செய்யோணும். செய்யாம வெளிய கொண்டுபோனா வருசம் பூரா வேலை தங்காதுங்க." குனிந்து குண்டைப் பார்த்துவிட்டு, "என்னமாத் தேச்சிருக்கீங்க. நான்கூட இப்படித் தேச்சதில்லீங்க" என்றார். பொரி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் விஜயதசமி. ஆறரை மணிக்கு ஆறு ஆட்களோடு வந்துவிட்டார். மறுபூஜை முடிந்து குண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கலவை போட்டு, மூன்று செங்கல் வைத்துத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். பிறகு கையைக் கழுவினார்.

"ஆரம்பிச்சாச்சுங்க. நாளைக்கு வந்து..."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "மேஸ்திரி, டீ பதினோரு மணிக்கு" என்றேன். "பேப்பர்ல இருக்கு. நீங்க எழுதச் சொன்னதுதான். அதுக்குள்ள நீங்க போயிட்டா நான் நிபந்தனையை மீறினவளாயிடுவேன். நான் இதுவரைக்கும் மீறினதில்லை."

ஆட்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். "ஆமாங்க மேஸ்திரி, டீயக் குடிச்சுட்டே போலாம்" என்றாள். பதினோரு மணிவரை சும்மா உட்கார முடியுமா? சுவர் முழங்கால் உயரம் வந்தது.

டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பெரிய குரல். அயோத்தியாப்பட்டணத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் அம்மா. மேஸ்திரி சுவர் இடித்த அந்த நாலு வீட்டில் ஒரு வீட்டுக்காரர். மேஸ்திரி இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கிடைத்த முதல் பஸ்ஸில் புறப்பட்டிருக்கிறார்.

"இன்னாய்யா மேஸ்திரி! என் பாத்ரூமுக்குக் கூரை எங்கய்யா? ஒரு மாசமா வானத்தைப் பார்த்துக் குளிக்கறேன்யா நானு! ஏரோப்ளேன் போனா துண்டு எடுத்து மூடிக்கிறேன்!"

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைக்காமல் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாவை உள்ளே அழைத்து டீ கொடுத்தேன். தாளைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று அவர் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆறாவது வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"குண்டு இன்னும் உன் வீட்லதான் இருக்குதா?"

"வேலை முடியறவரைக்கும்."

"முடிஞ்சா?"

"அவர்கிட்டத் திருப்பிக் கொடுக்கணும்."

"எப்பன்னு எழுதியிருக்கா?"

நான் மறுபடி படித்துப் பார்த்தேன். எழுதவில்லை.

நான்கு நாளில் சுவர் எழுந்தது, சீட் போட்டார்கள், ஆணிகளைக்கூடப் பொறுக்கினார்கள். ஐந்தாம் நாள் காலை, மகளை இடுப்பிலும் தூக்குக்குண்டை அவளுடைய துணிப்பையிலும் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி அயோத்தியாப்பட்டணம் போனேன். அவருடைய சாமானை அவரைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுப்பது சரியா என்று பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திரும்பிவிடக்கூட நினைத்தேன். ஆனால் மேஸ்திரியே அதே பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாப் புடிச்சுக்குங்க அம்மிணி, கீழ விழுந்துரப் போகுது" என்றார். குண்டையா குழந்தையையா என்று நான் கேட்கவில்லை.

மழை அந்த வாரக் கடைசியில் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, சிமெண்டு சீட்டில் அப்படி ஒரு சத்தம். மகள் பயந்து வீறிட்டாள். பிறகு புதுச் சுவரைக் கையால் அறைந்து, அதுவும் சத்தம் போடுகிறதா என்று பார்த்தாள். நான் அவள் இடுப்பிலிருந்து புடவைத் துண்டை அவிழ்த்தேன். ஒரு மூலையில் சொட்டியது. பாத்திரம் வைத்துவிட்டு, ஒழுகினால் வந்து அடைக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தேடி எடுத்தேன். கண்டுபிடித்த பிறகுதான் குண்டு என்னிடம் இல்லை என்பது உறைத்தது. எதற்கு அவசரப்பட்டுக் கொடுத்தோம் என்று அன்று பூராவும் என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் அரிசி மண்டி அம்மாவுக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதினேன்: 'தயவுசெய்து குண்டை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கவும். எங்கள் வீட்டில் ஒழுகுகிறது.'

பதில் கார்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒரு தார் டின்னோடு மேஸ்திரி வந்தார். மணி பத்தே முக்கால். நேராக ஏணியைச் சாத்தி மேலே ஏறினார்.

"டீயைப் போடுங்க அம்மிணி" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. "அந்தம்மா என்னமோ உங்க பேப்பரைப் பாத்துத் தானும் ஒண்ணு எழுதிக்கிட்டிருக்குது. பதினாறு வந்திருக்குதுங்க."