மீள் வினையின் கீழ் அம்பு

வேதியியல் புத்தகம் டைப்செட் செய்து நொந்துபோன தோழர்களுக்குத் தெரியும்: எழுத்து நம் பேச்சைக் கேட்கும், அம்புக்குறி கேட்காது. இங்கே கடைசியாகச் சொல்லப்போவதை நானே பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீளம்

ஓசூரில் ஒரு தனியார் கல்லூரி வேதியியல் ஆசிரியர் முபாரக் சார். தாம் எழுதிய கைடை டைப்செட் செய்ய என்னிடம் கொடுத்திருந்தார். ஒரு வினையில் வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கி மூன்றும் அம்புக்கு மேலே வரவேண்டும். அம்பை இழுத்தேன். விளைபொருள் அடுத்த வரிக்குப் போய்விட்டது. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏங்க, இது வினையா, தேன்கனிக்கோட்டை பஸ் ரூட்டா? போய்ச் சேர்றதுக்குள்ள பசிக்குதே!”

பருமன்

முலாம் பூசும் கம்பெனி ஒன்றுக்கு வேதிவினைச் சுவர்ப்படம் செய்தேன். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று அம்புகளைத் தடித்த சிவப்பில் வைத்தேன். தீ ஒத்திகை முடிந்ததும் சூப்பர்வைசர் கௌரம்மா போன் செய்தார்.

“சார், நாலு பேரு உங்க அம்பைப் பாத்துட்டு ஸ்டோர் ரூமுக்குள்ள ஓடிட்டாங்க. கொஞ்சம் இளைக்க வைங்க சார்.”

பாதி

இரு திசையிலும் நடக்கும் மீள் வினைக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு அரை அம்புகள் வேண்டும். என் மென்பொருளில் மேல் அம்பு இருந்தது, கீழ் அம்பு இல்லை. அதை நானே வரைந்து தனி எழுத்துருவாக்கினேன். அச்சகத்துக்குக் கோப்போடு அந்த எழுத்துருவும் போயிருக்க வேண்டும். அனுப்பினேனா? இன்றுவரை நினைவில்லை.

முபாரக் சாரின் கைடு அச்சாகி வந்தபோது கீழ் அம்புகள் ஒன்றுகூட இல்லை. மீள் வினைகள் எல்லாம் ஒருவழிப் பாதையாகிவிட்டன. மாணவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். கல்லூரி புத்தகத்தை விலக்கியது. அந்த வருடமே சாரும் வேலையை விட்டுப் போனார். அம்புகளுக்கு என்ன ஆனது என்று அச்சக மெஷின்மேன் மஞ்சுநாத்திடம் கேட்டேன்.

“கடைசி ப்ரூஃப சாரே பாத்து சைன் போட்டாருண்ணா. நீங்க ஏன் மண்டைய உடைச்சுக்கறீங்க?”

அம்பு ஒரு நூல் நீண்டாலே பிடித்துவிடுகிற மனிதர், பாதி அம்பு இல்லாததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பாரா? மஞ்சு சொன்னதை நம்பினால் குற்றம் என்னுடையதல்ல. அதனாலேயே அதை நம்பக் கூசியது. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் மஞ்சு எதிர்ப்பட்டான். ஆயிரக்கணக்கான அம்புகளுக்குத் திசை வைத்த எனக்கு இந்த ஒரு கேள்வியை நேராகக் கேட்க ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது:

“மஞ்சு, அந்த ப்ரூஃப் நெஜமாவே சார் கைக்குப் போச்சா, இல்ல நான் நிம்மதியா தூங்கட்டும்னு சும்மா சொன்னியா?”